மாமனார் வாய்க்குள் போன ஸ்டாம்ப்

பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாப் பெண்களும் "வணக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் என் வருங்கால மாமனாரிடம் பேசிய முதல் வார்த்தை, "மெல்லாதீங்க!" அதுவும் பிம்ப்ரி ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஸ்டாம்ப் பைத்தியம். (அம்மா இதை "பழைய பேப்பர்க்காரன் புத்தி" என்பாள்.) அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண் பார்க்க வரும் நாள் என்றுகூட யோசிக்காமல், பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்கு ஓடினேன். கிழிந்துபோன ஒரு படத் தபாலட்டை அகப்பட்டது. படம் பாழ். ஆனால் பின்னால் ஹங்கேரி நாட்டு ஸ்டாம்ப், முக்கோண வடிவில்!

ஸ்டாம்பைப் பிய்த்து எடுக்கக் கூடாது. தண்ணீரில் ஊறினால் தானே கழன்று வரும். வீட்டுக் கிண்ணங்களிலெல்லாம் கேசரியும் சட்னியும் குடியேறிவிட்டதால், ஸ்டாம்ப் ஒட்டிய மூலையை வெட்டி ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஊறப் போட்டேன். கழன்ற அட்டைத் துண்டை எடுத்து எறிந்தேன். ஸ்டாம்பை எடுப்பதற்குள், "வந்துட்டாங்கடீ!" என்று அம்மா என்னைப் புடவை கட்ட இழுத்துப் போய்விட்டாள்.

கட்கியிலிருந்து பஸ்ஸில் வந்த மாப்பிள்ளையின் அப்பா, கூடத்தில் உட்கார்ந்ததுமே, "அரே, என்னா வெயிலு! மொதல்ல தண்ணி குடுங்கம்மா" என்றார். அம்மா கைக்குக் கிடைத்த டம்ளரை நீட்டினாள். நான் அறை வாசலுக்கு வரவும், அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் சரியாக இருந்தது.

"மெல்லாதீங்க!"

அவர் தாடை அந்தரத்தில் நின்றது. "வாயில என்னமோ... துளசியா?"

"துளசி இல்ல மாமா, ஹங்கேரி!"

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் துள்ளி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் இடுக்கியை எடுத்தார். (பெண் பார்க்க இடுக்கியோடு வந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.)

"அப்பா, நாக்க நீட்டுங்க."

நோகாமல் எடுத்து, கைக்குட்டையில் கிடத்தி, ஜன்னலோரத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர் அலறினார். "ஐயோ, ஒரு பல்லு போயிடுச்சு!"

அவருடைய அம்மா பாய்ந்து வந்து கணவரின் மோவாயைப் பிடித்தார். "எந்தப் பல்லுடா? முன்பல்லா?"

"ஸ்டாம்ப்போட பல்லும்மா! ஓரத்துல வரிசையா இருக்குமே, அது."

எனக்கு வெட்கம், பட்டுப்புடவை எல்லாம் மறந்துவிட்டது. தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மூலையிலதானே? அது வாங்கும்போதே இல்லீங்க" என்றேன்.

"அப்பாடா!" என்றார். "நீங்க ஆல்பத்துல ஒட்டுவீங்களா?"

"சே! ஒட்டினா பின்பக்கம் கறையாயிடுமே!"

அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். நாங்கள் பேசிக்கொண்டே போனோம். பஜ்ஜி ஆறிப்போனது. வருங்கால மாமனார் மூன்றாம் முறையாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அம்மா கண்ணைத் துடைத்தாள். சம்பந்தம் முறிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம்.

மாமனார் துண்டால் வாயைத் துடைத்தபடி வந்தார். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் ஸ்டாம்ப்பப் பத்தி வாயத் தொறந்தா எங்க வீட்ல எல்லாரும் எழுந்து ஓடிருவோம். ஒருத்தி உக்காந்து கேக்குறா! சோடோ, விட்டுத்தள்ளுங்க! வேற என்ன வேணும்? முகூர்த்தம் பாருங்க."

இப்போது வாகட்டில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு பீரோ நிறைய ஆல்பங்கள், துணிக்குத்தான் இடமில்லை. விருந்தாளி யார் வந்து தண்ணீர் கேட்டாலும் மாமனார் முந்திக்கொள்வார்:

"டம்ளருக்குள்ள பாத்துக் குடிங்க. நான் பாக்காமக் குடிச்சேன், மருமக வந்துட்டா!"