கிராம் அக்காவின் பறக்கும் பலா

கடலூர் மாவட்டமே கிலோ கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, கிராம் கணக்கில் வாழ்ந்த ஒரே ஆத்மா எங்கள் கிராம் அக்காதான். தபால் கவுன்டரில் பதினெட்டு வருடம் கவர்களை நிறுத்து நிறுத்து, அவருக்கு உலகமே ஒரு தராசுத் தட்டாகிவிட்டது. யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "முப்பத்திரண்டு இருக்கும்" என்பார். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

2008-ல் முதுநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒருநாள் தன் போனைக் கொண்டுவந்தார். அதைப் பிரித்து, போனை அதிர வைக்கும் குட்டி மோட்டாரை வெளியே எடுத்து வைத்தேன்.

"தம்பி, இது என்ன எடை?"

"தெரியலக்கா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கைப்பையைத் திறந்து, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்னத் தராசை எடுத்தார். நிறுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஒண்ணரை கிராம். மோட்டார் இவ்ளோ லேசா இருக்கறப்ப நாம ஏன் இன்னும் தரையிலயே நிக்கிறோம்?"

அதற்குப் பதிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹீலியம் வாயு அடைத்த நீளமான பலூன், அடியில் ஒரு கூடை, கூடையின் இரண்டு பக்கமும் விசிறி, கையில் ரிமோட். டிவியில் பார்த்ததிலிருந்து பல வருடமாக மனதில் வைத்திருந்தாராம். "பெருசா ஒண்ணும் வேணாம், ரெண்டு ஆள் நீளம் போதும். எங்க காடாம்புலியூர் பலாப்பழம் கணக்கா இருக்கணும்" என்றார். அன்றே அதற்கு 'பலா' என்று பெயரும் வைத்துவிட்டார்.

மூன்றாவது ஆளாகச் செல்வத்தைச் சேர்த்தேன். படகு மோட்டார் மெக்கானிக். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவன் சித்தப்பாவின் வலைக் கிடங்கு பாதி காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே கூடினோம். செல்வத்துக்குக் கடலில் போகிற சாமான்தான் பழக்கம். முதல் வாரமே கூடைக்கு எட்டு போல்ட் போட்டு முறுக்கி வைத்துவிட்டான். அக்கா நிறுத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"செல்வம், இதை நீ நங்கூரமா வச்சிக்க. பலாவுக்கு நூல்ல கட்டு."

"போல்ட் இல்லாம எப்படிக்கா நிக்கும்?"

"நிக்க வேணாம். பறந்தா போதும்."

நான் ஒயரை சால்டர் வைத்து ஒட்டினால், "ஈயம் ஜாஸ்தி" என்று பிளேடால் சுரண்டுவார். டீக்கடை வடை வந்தால், கை கழுவிவிட்டு வரும்வரை பலாவை நெருங்க விடமாட்டார். எண்ணெய் விரல் ரேகைக்கும் எடை உண்டாம். ஒருநாள் செல்வம் பெருமூச்சு விட்டபோது, "அந்தப் பக்கம் திரும்பி விடு, ஈரம் படியும்" என்றார். வெள்ளி நிற பிளாஸ்டிக் தாளை அயன் பாக்ஸால் ஒட்டி ஒட்டி, நான்கு பலா வீணாகி, ஐந்தாவதுதான் காற்றுப் பிடித்தது. நாலாவது வெடித்த சத்தத்தில் பக்கத்துத் தெரு ஆட்கள் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, பலா வெடிச்சிடுச்சி" என்றான் செல்வம். அவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காவின் தோழி சிதம்பரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. அந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் பலா பறப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலை கிடங்கில் கடைசி எடை பார்த்தோம். கூடையோடு சேர்த்து ஆள் உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் செல்வத்தின் மச்சானுடைய மீன் வேனில் ஏற்றினோம். உள்ளே பழைய ஐஸ் கொஞ்சம் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிதம்பரத்தில் கதவைத் திறந்தால், பலா குளிரில் சுருங்கி வாடிய கத்தரிக்காய் மாதிரி கிடந்தது. செல்வம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "வெயில்ல காட்டு, ஏந்திரிச்சிக்கும்" என்றார் அக்கா. மைதானத்தில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். கால் மணி நேரத்தில் உப்பிக்கொண்டது. மீன் வாடை மட்டும் போகவில்லை.

அரங்கத்தில் முந்நூறு பிள்ளைகள். பலாவுக்காக மின்விசிறிகளை நிறுத்திவிட்டதால் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. கையை விட்டோம். பலா மெதுவாக இறங்கி மேடையில் உட்கார்ந்தது. மறுபடி தூக்கி விட்டோம். மறுபடி உட்கார்ந்தது.

"செல்வம், என்னத்த வச்ச?"

"அம்மா சத்தியமா ஒண்ணும் வைக்கலக்கா."

நான் கூடையைத் திறந்து தேடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே கூடைக்குள் விரலை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். "அஞ்சு கிராம்" என்றார். தராசில்கூட வைக்கவில்லை.

"என்னக்கா அது?"

"மாத்தல் ஆர்டர். பிரமோஷனோட. திருநெல்வேலிக்கு."

"அதை ஏங்க்கா இதுக்குள்ள வச்சீங்க?"

"கையில இருந்தா எடுத்து எடுத்துப் படிக்கிறேன் தம்பி. அதான் காலைல வேன்ல வச்சி உள்ள போட்டுட்டேன்."

தாளை என் சட்டைப் பையில் செருகிவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொண்டார். பலா எழுந்தது. பிள்ளைகளின் தலைக்கு மேலே, மின்விசிறிகளுக்குக் கீழே, சோம்பலாக ஒரு சுற்று வந்தது. கைகள் எல்லாம் மேலே நீண்டன. அக்கா ரிமோட்டைப் பார்க்கவே இல்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி அண்ணாந்து நின்றார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்த அந்த ஐந்து கிராம் கனத்தது.

அடுத்த வாரம் ரயிலேறினார். போவதற்கு முன் கிடங்குக்கு வந்து கூடையைக் கழற்றினார். பாரம் போனதும் பலா மேலே போய்க் கூரை ஓட்டில் ஒட்டிக்கொண்டது. "பத்து நாள்ல கேஸ் கசிஞ்சி தானா கீழ வந்துடும். வந்ததும் மடிச்சி வச்சிடுங்க" என்றார்.

அவர் சொன்னபடியே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் கடையைச் சாத்தியதும் செல்வமும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஒன்பதாம் நாள் எங்கள் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. பத்தாம் நாள் தரையில் கிடந்தது. மடிக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் கிடங்கில் இருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"தம்பி, பலா எங்க இருக்கு?"

செல்வத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலதாங்க்கா இருக்கு."

"அப்படியா, இருக்கட்டும்" என்றார். அரை கிராம் பொய்யைக்கூட ஒத்துக்கொள்ளாதவர், அதற்குப் பிறகு ஒரு வருடம் வாராவாரம் அதே கேள்வியைக் கேட்டார். வாராவாரம் நாங்களும் அதே பதிலைத்தான் சொன்னோம்.