பொயின்ற்ஸ் அண்ணையின் கைவிசேடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் வரமாட்டாள் என்ற வகைக் கடிதங்கள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இப்படிப் பத்திரிகை வாசகர்கள் முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் பொயின்ற்ஸ் அண்ணையைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் அவரைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் மாறிப் போகிறவர்கள்.

ஒன்று மட்டும் துணிந்து சொல்வேன். மொன்றியலில் மற்றவரிடம் வாங்கி மானம் கெட்டவர்கள் எத்தனையோ பேர். கொடுத்தே மற்றவர்களின் மானத்தை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவருடையது. மனைவி இல்லை, மகன் வன்கூவர் பக்கம் போய்விட்டான். அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. மருந்துக்கடை, பலசரக்குக் கடை, கோப்பிக் கடை என்று எங்கெல்லாம் வாங்குகிறவருக்குப் பொயின்ற்ஸ் கொடுக்கிறார்களோ அங்கெல்லாம் அவரிடம் அட்டை இருந்தது. பெற்றோல் நிலையத்து அட்டையும் இருந்தது. கார் இல்லாத மனிதருக்கு அது எதற்கென்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"நீர் கார் வைச்சிருக்கிறீர்தானே? எண்ணெய் அடிக்கேக்க என்ர அட்டையைக் குடும். எண்ணெய் உமக்கு, பொயின்ற்ஸ் எனக்கு. ஆருக்கு நட்டம்?"

நாங்களும் கொடுத்தோம். யாருக்கு நட்டம் என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சேர்ப்பதில் இப்படியென்றால் கொடுப்பதில் அதைவிட மோசம். இந்த நாட்டில் டிப்ஸ் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலை முடிந்த பிறகு, மேசையில், சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகவேண்டும். அண்ணைக்கு இதில் எதுவும் பிடிக்காது. தலைமயிர் வெட்டப் போனால் கதிரையில் ஏறமுன்னரே காசை நீட்டுவார்.

"வெட்டி முடிஞ்சாப் பிறகு குடுத்து என்ன பிரயோசனம்? முதலே குடுத்தாத்தான் காதைப் பாத்து வெட்டுவான்."

பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போய்ப் பேச்சு வராத நிலையிலும், டாக்குத்தரின் சட்டைப் பைக்குள் ஒரு காசுத்தாளைச் செருகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாதி போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். பஸ் சாரதி காசு வேண்டாம் என்று தலையாட்டியபோது அடுத்தநாள் ஒரு மாதுளம்பழத்தோடு ஏறினார். சாரதி அதை வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணை நிற்கும் தரிப்பிடத்தில் அந்த பஸ் நிற்காமல் போவதேயில்லை. ஆனால் நின்றால், அண்ணை கதைத்து முடியும்வரை வெளிக்கிடாது. வேலைக்குப் போகிற நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவரை யாரென்றே தெரியாதவர்களைப்போல இருப்போம்.

"குடுக்கிறதெண்டா ஆளின்ர முகத்தைப் பாத்து, கையில குடுக்கோணும்," என்பார். "மேசையில வைச்சிட்டு ஓடுறதுக்கு அவன் என்ன, காக்கையோ?"

என் கணவருக்கு முதுகு பழுதாகி வேலை நின்றபோது, எனக்கு ஒரு கசினோவின் சாப்பாட்டறையில் தட்டெடுக்கிற வேலை கிடைத்தது. எங்கள் சனத்துக்குக் கசினோ என்ற சொல்லே போதும், வீடு வித்த கதை வரைக்கும் போய்விடுவார்கள். ஆகவே கோயிலில் கேட்டவர்களுக்கு "ஒரு பெரிய ஹோட்டலில" என்று சொல்லிவைத்தேன்.

முதல் கிழமையே ஜன்னலோர மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பொயின்ற்ஸ் அண்ணை. எனக்குத் தட்டு நழுவியது, அவருக்குக் கரண்டி நழுவியது.

"நீ என்னைக் காணேல்லை. நானும் உன்னைக் காணேல்லை. சரியோ?" என்று பல்லுக்குள்ளால் சொன்னார்.

"ஓம் அண்ணை."

நான் அந்தப் பக்கம் போய் ஒரு மேசை துடைத்திருக்க மாட்டேன். "தங்கச்சி! இந்தச் சூப்புக்குப் போட மிளகுத்தூள் இருக்கோ எண்டு உள்ளுக்க கேளம்மா!" மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தச் சூப்புக்குள்ளேயே விழுந்து மூழ்கலாம் போலிருந்தது.

கசினோவிலும் விளையாடுகிறவர்களுக்கு அட்டை உண்டு. அதைச் சூதாட்ட மெசினில் செருகிவிட்டு விளையாடினால் பொயின்ற்ஸ் ஏறும். பொயின்ற்ஸ் ஏற ஏற அட்டையின் நிறம் மாறும். தங்க நிறம் வந்தால் பின்னேரச் சாப்பாடு இலவசம். அண்ணையுடையது தங்க நிறம். அதைச் சுருள் கயிற்றில் கோத்துச் சட்டைப் பொத்தானில் மாட்டியிருப்பார். மெசினில் செருகியிருப்பதை மறந்து எழும்புவார்; கயிறு இழுக்க, பொத்தக்கென்று திரும்ப உட்காருவார். இது ஒவ்வொரு நாளும் நடக்கும்.

அவர் இருப்பது எல்லாவற்றிலும் மலிவான மெசினில். ஒருமுறை மெசின் பொத்தானை அமத்துவார், பிறகு கோப்பி குடிப்பார். பக்கத்து மெசின்காரர் வெற்றிபெற்றுத் துள்ளினால் பாவமாகப் பார்ப்பார்.

"அவை விளையாட வந்தவை, தங்கச்சி. நான் பொயின்ற்ஸ் எடுக்க வாறனான். எனக்கு இது வேலை."

கொடுக்கிற குணம் அங்கேயும் போகவில்லை. சீட்டு மேசைகளில் சீட்டுப் போடுகிற பணியாளருக்கு டிப்ஸ் கொடுப்பதென்றால், அங்கே காசுக்குப் பதிலாகப் பாவிக்கும் வில்லையை மேசையில் வைக்கவேண்டும். அவர் அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போடுவார். கையோடு கை படக்கூடாது, மேலே கமெரா பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணை விளையாடுவதில்லை. ஆனால் ஒரு நாள், மெலிந்த ஒரு பணியாளப் பெடியனைப் பார்த்து, "சாப்பிட்டவன்போலத் தெரியேல்லை" என்று நேரே கையில் ஒரு வில்லையைத் திணிக்கப் போனார். அவன் நெருப்புப் பட்டவனைப்போலப் பின்னால் துள்ளி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கமெராவுக்குக் காட்டினான். அது ஏதோ மரியாதையாக்கும் என்று அண்ணையும் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காவலாளர்கள் வந்துசேரும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நான் குசினிக்குள் ஓடி, கழுவிய தட்டுகளைத் திரும்பக் கழுவினேன்.

எங்கள் சாப்பாட்டறையிலும் அதே சட்டம்தான். மேசையில் கிடக்கும் டிப்ஸ் எல்லாம் பொதுப் பெட்டிக்குள் போய், எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். தனியாக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டும். எனக்கு முன் அந்த வேலையில் இருந்த பெண் அப்படித்தான் போனாளாம். எனக்கு ப்ரொபேஷன் முடிய ஒரு கிழமை இருந்தது. முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

அந்தக் கிழமைதான் சித்திரை வருசம் பிறந்தது.

வாசலில் ஊத்தைப் பனி இன்னும் கரைந்து முடியவில்லை. அண்ணை பட்டு வேட்டி, அதற்கு மேல் குளிர் ஜக்கெற், காலில் பனிச்சப்பாத்து, நெற்றியில் திருநீறு என்ற கோலத்தில் சாப்பாட்டறைக்குள் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் போனேன். அவர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கையை நீட்டு."

வெற்றிலைக்குள் மடித்த ஒரு காசுத்தாள். கைவிசேடம். வருசத்தன்று பெரியவர் கையால் வாங்கினால் அந்த வருசம் முழுக்கக் கை வெறுமையாகாது என்று எங்கள் ஆட்கள் நம்புவார்கள்.

"அண்ணை, இங்க கையில வாங்கக்கூடாது. வேலை போயிடும்."

"நான் என்ன டிப்ஸோ தாறன்? கைவிசேடம்! வருசத்தண்டு வேண்டாம் எண்டு சொன்ன தமிழிச்சி ஆரும் இருக்கினமோ?"

இருக்கவில்லை. என் கை என்னைக் கேட்காமலே நீண்டது. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அப்படியே ஏப்ரன் பைக்குள் வைத்தேன். எச்சில் தட்டுகளுக்கு மேல் அதை எப்படி வைப்பது?

கொஞ்ச நேரத்தில் முகாமையாளர் லுக் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காவல் பகுதிப் பெண் ஒருத்தியும் இருந்தாள். திரையில் நான். மேலேயிருந்து எடுத்த படம், என் உச்சியில் மயிர் கொட்டிப்போனது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூணுக்குப் பின்னால், வேட்டி கட்டிய ஒருவரிடமிருந்து பச்சைப் பொட்டலம் ஒன்றைக் குனிந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒளிக்கிறேன். கஞ்சா வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பக்தியோடு வாங்கமாட்டார்கள்.

என்ன இது என்று லுக் கேட்டார். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது தட்டு, கோப்பை, மெர்சி. இருந்த கொஞ்ச இங்கிலிசில் கைவிசேடத்துக்குச் சொல் இல்லை. பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து நின்றேன். வீட்டில் படுத்திருக்கும் மனிசனுக்கு இதை என்னவென்று சொல்வேன் என்று மட்டும்தான் யோசிக்க முடிந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் சாப்பாட்டுத் துண்டோடு பொயின்ற்ஸ் அண்ணை.

"மிஸ்ஸியே! பூர்புவார், நோ! டிப்ஸ் நோ! நூவெல் அன்னே!"

ஏப்ரலில் என்ன புத்தாண்டு என்று லுக் கேட்டார். குடித்திருக்கிறாரா என்று காவல் பெண் மணந்து பார்த்தாள். அண்ணை மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து, செய்து காட்டுவதற்காக லுக்கின் கையில் வைக்கப் போனார். லுக் கதிரையோடு பின்னால் உருண்டு, இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பாத்தியே தங்கச்சி," என்றார் அண்ணை என்னிடம், "இவருக்கும் கையில வேண்டத் தெரியேல்லை."

லுக் கெட்ட மனிதர் இல்லை. கைகளை இறக்கிவிட்டு, மெதுவான இங்கிலிசில் இரண்டு பேருக்கும் விளங்கும்படி சொன்னார். வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் அது டிப்ஸ்தான், பெயர் என்னவானாலும். நான் இன்றைக்கே போகவேண்டும். வீட்டார் கொடுத்தால் அது குடும்ப விசயம், அவர் அதில் தலையிடமாட்டார். ஆனால் இங்கே வேலை செய்கிறவரின் வீட்டார் இங்கே விளையாட முடியாது, அட்டையும் வைத்திருக்க முடியாது.

"மிஸ்ஸியே, நீங்கள் யார்? வாடிக்கையாளரா, வீட்டாரா?"

அண்ணை சட்டைப் பொத்தானைப் பார்த்தார். அதில் தங்க நிற அட்டை தொங்கியது. இத்தனை வருசமாக ஒரு நாளும் வாய் மூடியறியாத மனிதர் சும்மா நின்றார். நான் பேசவேண்டிய நேரம் அது. இவர் எனக்குச் சொந்தமில்லை, கீழ்வீட்டுக்காரர், அவருடைய அட்டை அவரிடமே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். என் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வீட்டார் என்று பிரெஞ்சில், "ஃபமீய்," என்றார் அண்ணை. "மா சேர். என்ர தங்கச்சி."

எங்கள் இரண்டு பேரின் பெயர்களும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு எழுத்துக்கூட ஒத்துப்போகாது. லுக் அதைப் பார்த்தார், பிறகு திரையை அணைத்தார். அண்ணை சுருள் கயிற்றைக் கழற்றத் தொடங்கினார். அது பொத்தானில் சிக்கிக்கொண்டது. காவல் பெண்தான் உதவி செய்தாள்.

"மிஸ்ஸியே, ஒரு கேள்வி. மீன் ஓடர் பண்ணிப்போட்டன். அதைச் சாப்பிடலாமோ?"

இதை நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த அறையில் நான் பேசிய ஒரே வசனம் அதுதான். சாப்பிடலாம் என்றார் லுக்.

மீன் சாப்பிட்டார். தட்டை எடுக்கப் போனபோது எனக்குக் கண் முட்டியது. சனம் பார்க்கும் என்று அடக்கிக்கொண்டேன். அந்த ஜன்னலோர மேசைதான் அவருடைய குசினி, அவருடைய கூட்டாளிமார், அவருடைய பின்னேரம் எல்லாமே. அதையெல்லாம் கொடுத்துவிட்டு முள் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் வேலை முடியும்வரை வாசலில் நின்று, ஒரே பஸ்ஸில் வந்தார். நன்றி சொல்லவேண்டும் என்று லாசால் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

"என்ன மீனைப்போல வாயைப் பிளக்கிறாய்?" என்றார். "விடு. அவன்ர சாப்பாட்டில ஒரு உறைப்புமில்லை."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அக்காமார். ஒரு அண்ணன் இருந்தால் இப்படித்தான் வெட்கமாக இருக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

அடுத்தநாள் எனக்கு மத்தியான வேலை. காலையில் ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சோறு போட்டு, கீழே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் எடுத்தேன்.