லைவ் தொரையும் லுணுகலை ரிங் கட்டும்

பதுளையில் கண்ணிருந்தும் ஜன்னல் வழியே வெளியே பார்க்காத மனுஷர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் லைவ் தொரைதான்.

ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஊவா கிளையில் அவர் எனக்கு மேலதிகாரி. மாகாணத்து டவர்களில் போகும் அழைப்பெல்லாம் அந்த நொடியே வந்து விழும் பெரிய திரை ஒன்று அங்கே இருந்தது. நாள் முழுக்க "லைவ்ல என்னா காட்டுது?" என்பார். தோட்டத்துத் துரைமார் தோற்றுப் போவார்கள், அத்தனை மிதப்பு. பெயர் வராமல் என்ன செய்யும்?

கூரையில் மழை கொட்டும். "சார், குடைய எடுத்துக்கிட்டுப் போங்க" என்பேன். "டவர்ல மழை அலாரம் வரலியே" என்று இறங்கிப் போவார். நனைந்த கோழியாகத் திரும்பி வந்து, தலையைத் துவட்டுமுன் திரையைப் பார்ப்பார். அப்போதும் அலாரம் வந்திருக்காது. "பாத்தியா?" என்று என்னிடமே பெருமை வேறு!

இந்த மேதை ஒரு விதி எழுதினார். ஒரே நம்பரிலிருந்து மளமளவென்று பலருக்கு அழைப்புப் போய், யாரும் பேசாமலே கட் ஆனால் அவன் மோசடிக்காரன். கணினியே கண நேரத்தில் அந்த நம்பரை முடக்கிவிடும். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கைதட்டினார்கள். கேட்கவா வேண்டும், அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு பகல், "மாட்டிக்கிட்டான் கள்ளன்! லுணுகலைப் பக்கம்!" என்று துள்ளினார். நம்பரைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துத் தலைவருடைய நம்பர் அது. மேட்டு வரிசை வீடுகளான மேல் லயத்தில் இருக்கும் அவர், மண்மேடு வெடிப்பதைக் கண்டால் கீழ் லயத்துக்கு வீடு வீடாக மணியை மட்டும் அடிக்கவிட்டு ரிங் கட் கொடுப்பார். எடுத்தால் அவருக்குக் காசு போகும் என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள். மணி அடித்தாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். மோசடியாம், மோசடி!

"சார், மண்ணு சரியப் போவுது! அவர் நம்பர விடுங்க! கீழ் லயத்துல எங்க அக்கா இருக்கா!"

"லைவ்ல அப்படிக் காட்டலியே…" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று தன் போனை எடுத்து, திரையில் இருந்த நம்பர்களுக்குத் தானே ரிங் கட் கொடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் போனும் செத்தது. திரையில் புதுக் கள்ளன்: லைவ் தொரை! அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

விதியையே நிறுத்தினார். கொழும்பிலிருந்து அதட்டினார்கள். "அப்புறமா ஏசுங்க, இப்ப போனை வைங்க!" என்று கத்தினார். தலைவரின் ரிங் கட் மறுபடி பறந்தது. கீழ் லயத்து நம்பர்கள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்து டவருக்கு மாறின. அக்கா நம்பர் மட்டும் நகரவில்லை. பிறகு அது திரையிலிருந்தே மறைந்துவிட்டது.

அழுதுகொண்டே அக்காவுக்கு அழைத்தேன், போகவில்லை. தொரை நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார்.

"அழாத புள்ள. இந்த லைவ் எல்லாம் சும்மா பொய் சொல்லும். நம்பாத."

சொன்னவரின் முகம் வெளிறிக் கிடந்தது. அவர் அந்தத் திரையை முழுசாக நம்பினார்.

என் போன் அடித்தது. தலைவருடைய போனிலிருந்து அக்கா. "சார்ஜுல போட்ட போனை அப்படியே விட்டுட்டு ஓடியாந்துட்டேன்டி. லயம் போயிருச்சு. ஆளுங்க எல்லாரும் இருக்கோம்."

மறுநாள், "லைவ் பொய் சொல்லும்னு நானா சொன்னேன்?" என்று சாதித்தார் அந்த மனுஷர். விதியையும் திரும்பப் போட்டுவிட்டார், தோட்டத் தலைவர்மாருக்கு மட்டும் விலக்கு வைத்து. இன்றைக்கும் அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். வேறு யாராவது திட்டினால் சண்டைக்குப் போய்விடுவேன்.