குடியமர்வு ஆலோசகர், உரிமம் எண் ஒன்று

பொதுமக்கள் நலனைக் கருத்தில் கொண்டும், வீடு தேடுவோர் படும் இன்னல்களைத் தீர ஆராய்ந்தும், நகரில் ஒரு புதிய இயக்ககம் தொடங்கப்பட்டது. அதன் முழுப்பெயர், வாடகை வீட்டுத் தரகர் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு இயக்ககம். பெயர்ப்பலகை வாசலை விட நீளமாக இருந்ததால் குறுக்கே மாட்ட இடமில்லாமல் நெடுக்கே மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் அதைப் படிக்கத் தலையைச் சாய்த்தபடியே உள்ளே நுழைந்தார்கள். அந்தப் பணிவு அதிகாரிகளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

முதல் நாளே அப்படிச் சாய்ந்து நுழைந்தவர் சாவிக்கொத்து. இருபத்திரண்டு வருஷமாக வீட்டுத் தரகர். இடுப்பில் எப்போதும் பத்துப் பதினைந்து காலி வீடுகளின் சாவி தொங்குவதால் அந்தப் பெயர். வீடு அமைந்தால் குடிவருகிறவரிடம் ஒரு மாத வாடகை, வீட்டுக்காரரிடம் அரை மாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பதினான்கு வீடு காட்டினால் பதினைந்தாவதுதான் அமையும். அமைந்ததும் இரண்டு தரப்பும் வாசலிலேயே போன் நம்பரை மாற்றிக்கொள்ளும். மறுநாள் வீட்டுக்காரர், "சொந்தக்காரப் பையனுக்கே குடுத்துட்டேன்" என்பார். குடிவர இருந்தவர், "வேற ஏரியா பார்த்துட்டோம்ணே" என்பார். அடுத்த வாரம் அதே வீட்டு மாடியில் அவருடைய சட்டை காயும்.

இனிமேல் சட்டம் நம் பக்கம் என்று நம்பித்தான் சாவிக்கொத்து போனார். கண்காணிப்பாளர் அவரை அன்பாகவே வரவேற்றார்.

"உரிமம் இல்லாம வீடு காட்டினா ஆறு மாசம் ஜெயில். தெரியுமில்ல?"

"காட்டுறதுன்னா எப்படி சார்?"

"விரலை நீட்டி, அதோ வீடுன்னு சொன்னாலே காட்டினதுதான்."

"அப்ப உரிமம் குடுங்க சார்."

"தாராளமா. உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

சாவிக்கொத்தின் ஆபீஸ் வெளியே ஸ்டாண்டு போட்டு நின்றது. அந்த ஸ்கூட்டரை அவர் ஜன்னல் வழியாகக் காட்ட விரலைத் தூக்கினார். ஜெயில் ஞாபகம் வந்து மடக்கிக்கொண்டார்.

"வாடகைக்கு ஒரு அறை பிடிச்சு, ஒப்பந்தப் பத்திரத்தோட வாங்க. அந்த ஒப்பந்தத்துல உரிமம் பெற்ற தரகர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"அப்படி யாரு சார் இருக்கா?"

"இதுவரைக்கும் யாருமில்ல. நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. உங்களைப் பார்த்தா எங்களுக்கே பெருமையா இருக்கு."

பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "உரிமம் இருந்தாத்தான் ஆபீஸு, ஆபீஸு இருந்தாத்தான் உரிமம். இதை எழுதினவரு வீட்டுக்குள்ள எப்படிங்க நுழைவாரு?" என்று கேட்டாள்.

இதற்கிடையில் ஆறு நாள் கட்டாயப் பயிற்சி. பாடம் எடுத்தவரும் கண்காணிப்பாளர்தான். தரகர் என்ற சொல் நாகரிகமாக இல்லை என்று முதல் நாளே ஒழிக்கப்பட்டது. இனி குடியமர்வு ஆலோசகர். இரண்டாம் நாள், ஆலோசகர் எந்த வீட்டையும் குறை சொல்லக்கூடாது என்று விளக்கினார். ஜன்னல் இல்லாத அறை, தனிமை விரும்பிகளுக்கானது. ஒழுகும் கூரை, இயற்கையோடு இணைந்தது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி வரும்னா நான் முன்கூட்டியே சொல்லிடுவேனே சார்" என்றார் சாவிக்கொத்து.

"அதுதான் உங்ககிட்ட இருக்கிற பழைய பழக்கம்" என்று கண்காணிப்பாளர் வருத்தப்பட்டார். நேர்மைக்கு இருபது மதிப்பெண் இருந்தது. அதில் அவருக்கு மூன்றுதான் கிடைத்தது.

அப்போதுதான் அந்த இடி இறங்கியது. இயக்ககம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், ஏழே நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நெடுக்கே தொங்கிய பலகை இரண்டு முறை அவருடைய தலையில் இடித்திருந்தது.

கண்காணிப்பாளர் சாவிக்கொத்தின் வீடு தேடி வந்தார்.

"நீங்க வீடு காட்ட வேண்டாம். அது குற்றம். சும்மா வண்டியில போயிட்டிருங்க. நான் பின்னால உக்காந்து வர்றேன். ஏதாவது காலி வீடு வந்தா மோவாயை லேசா ஆட்டுங்க. சட்டத்துல மோவாய் வரல."

இரண்டு நாள் ஊரெல்லாம் மோவாய் ஆடியது. முதல் வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பேரு குடிவர்றீங்க?"

"நாற்பத்திரண்டு பேர்" என்றார் கண்காணிப்பாளர்.

"விருந்தாளிங்க வந்து தங்குவாங்களா?"

"தங்க மாட்டாங்கம்மா. தினமும் முன்னூறு பேர் வந்து நிப்பாங்க. சாயங்காலம் போயிடுவாங்க. வேலை முடியாததால மறுநாள் அதே முன்னூறு பேர் வருவாங்க."

அடுத்த வீட்டுக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "எப்ப காலி பண்ணுவீங்க?"

"அரசாங்கம் எங்கயாவது காலி பண்ணுமா?" என்று கண்காணிப்பாளர் நிஜமாகவே புண்பட்டுப்போனார்.

மூன்றாமவர், "நாளைக்கு வாங்க, பார்ப்போம்" என்றார். வாழ்நாள் முழுக்கப் பிறரிடம் சொல்லிவந்த அந்த வாக்கியம் தன் காதிலேயே விழுந்ததும் கண்காணிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

கடைசியில் சாவிக்கொத்தின் மனைவிதான் வழி சொன்னாள். அவர்கள் குடியிருந்த வீடு அவள் பேரில் இருந்தது. மாடி காலியாக இருந்தது. "வாடகை ஒழுங்கா வருமா?" என்று கேட்டாள்.

"தாமதமா வரும். ஆனா வராம இருக்காது."

"அப்ப வாங்க."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற ஆலோசகர் வேண்டுமே. கண்காணிப்பாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு உத்தரவு எழுதினார். மாடியில் இயக்ககம் குடிவந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அவ்வாறு கருதப்பட்ட இயக்ககத்தின் படிக்கட்டுக்கு அடியில் விண்ணப்பதாரரின் அலுவலகம் இருப்பதாகவும் கருதப்படுகிறது. கருதப்பட்ட அந்த அலுவலகத்துக்கு உரிமம் எண் ஒன்று வழங்கப்படுகிறது.

சாவிக்கொத்துக்குக் கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டார். பிறகு கூச்சத்தோடு, "ஒரு மாச வாடகை சார், கமிஷன்" என்றார்.

"அரசாங்கம் கமிஷன் குடுத்தா அது லஞ்சம் ஆயிடும்" என்று கண்காணிப்பாளர் கனிவோடு விளக்கினார். அதோடு இன்னொரு காகிதத்தையும் நீட்டினார். இயக்ககத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பவரின் கணவர், அதே இயக்ககத்திடம் உரிமம் வைத்திருப்பது முறையல்ல. எனவே உரிமம் எண் ஒன்று ரத்து. அது உயிரோடு இருந்தது பதினொரு நிமிஷம்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. ஆபீஸ் முகவரி உள்ள ஆட்கள் ஊரில் நாற்பத்திரண்டு பேர்தான் என்று கண்டறியப்பட்டது. நாற்பத்திரண்டு அதிகாரிகளும் தங்களுக்கே உரிமம் வழங்கிக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய் வீடு காட்டிவிட்டு, மாலையில் திரும்பி வந்து கோப்பு பார்த்தார்கள். அதிகாரியே வீடு காட்டுவது நகரில் ஒரு பெரிய மோஸ்தராகிவிட்டது. "எங்களுக்குத் துணை இயக்குநர் காட்டினாரு" என்று ஒருவர் சொன்னால், "எங்களுக்கு இணை இயக்குநர்" என்று பக்கத்து வீட்டார் வெட்டுவார்கள். கமிஷன் மூன்று மாத வாடகை ஆனது. அதற்குக் கொடுத்த ரசீதைக் குடிவந்தவர்கள் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள்.

மாடி போதாமல் கீழ்த்தளத்தையும் இயக்ககம் எடுத்துக்கொண்டது. சாவிக்கொத்தும் மனைவியும் தெருவின் மறுகோடியில் ஒண்டுக்குடித்தனம் போனார்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொடுத்தவர் கண்காணிப்பாளர். மூன்று மாதக் கமிஷனில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இந்த இயக்ககம் தேவைதானா என்று பொதுமக்களிடம் கேட்டறிய ஒரு குழு வந்தது. சாவிக்கொத்து இயக்ககத்தை இழுத்து மூடச் சொல்லி நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் அவர்தான் கடைசி.

வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்: "இது வந்த பிறகு வாடகை இரண்டு மடங்கு. இருக்கட்டும்." குடியிருப்பவர்கள் சொன்னார்கள்: "நாங்க மூணு மாசம் குடுத்தோம். இப்ப மூடிட்டா அடுத்து வர்றவன் ஒரே மாசம் குடுத்துட்டுப் போயிடுவான். அது நியாயமா?" பழைய தரகர்கள் இப்போது அதிகாரிகளுக்கு ஸ்கூட்டர் ஓட்டி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "முதல் தேதி கையில காசு வருது சார், நல்லா இருக்கோம்" என்றார்கள்.

சாவிக்கொத்தின் முறை வந்தது. அவர் காகிதத்தைப் பிரிக்கும்போது கூடவே வந்திருந்த மனைவி காதருகே குனிந்தாள்.

"ஏங்க, இவங்க போயிட்டா நம்ம வீட்டுக்கு யாருங்க இவ்வளவு வாடகை தருவா?"

அவர் நாலு பக்கத்தையும் எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சொல்லுங்க, உங்க கருத்து என்ன?" என்றார் தலைவர்.

"நல்ல இயக்ககம் சார். ஒரே ஒரு குறைதான்."

குழுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கண்காணிப்பாளரின் முகம் வெளிறியது. குழு பேனாவைத் திறந்தது.

"இடம் பத்தல சார் அவங்களுக்கு" என்றார் சாவிக்கொத்து. "உத்தரவு குடுத்தா இன்னொரு மாடி போட்டுத் தர்றோம்."

பொதுமக்களின் ஒருமனதான கோரிக்கை என்று குழு அதைக் குறித்துக்கொண்டது.