உஸ்திகா நேர்த்தி

"இதென்ன அண்ணை, ரெண்டு கப்பல் ரிக்கற்?"

கோபாலசிங்கம் அரிசி வாளிக்குள் கையை விட்டபடியே கேட்டான். எமிலியானுஸ் ஓடிப்போய் வாளியைப் பிடித்தான். மாதா படத்துக்குப் பின்னால் வைத்தால் தூசு தட்டும்போது அதே வீட்டில் இருக்கும் அனிற்றா கண்டுவிடுவாள், தலையணைக்குள் வைத்தால் அதிலே யாராவது வந்து படுத்துவிடுவார்கள் என்று மூளையைக் கசக்கி, கடைசியில்தான் அரிசிக்குள் புதைத்திருந்தான். அன்றைக்குச் சமையல் முறை கோபாலசிங்கத்துடையது என்பதை மட்டும் மறந்துபோனான்.

"உஸ்திகா... ஓகஸ்ட் பதினைஞ்சு..." கோபாலசிங்கம் எழுத்துக் கூட்டி வாசித்தான். "அந்தத் தீவிலை ஆர் இருக்கினம்? சொந்தக்காரரோ?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறியள்?"

அதற்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியின் பழைய மாளிகை ஒன்றில், இரண்டாம் மாடியில் மூன்று குடும்பங்களும் சில தனிக்கட்டைகளும் சேர்ந்து குடியிருந்தார்கள். எமிலியானுசுக்கும் அவன் மனைவி றோஸ்மேரிக்கும் அதில் வாய்த்தது ஒரு கட்டிலும் அதைச் சுற்றி ஒரு சேலைத் திரையும். றோஸ்மேரி ஒரு சின்யோராவின், அதாவது ஓர் இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வருவாள். அந்த நேரம் பார்த்து வீட்டில் உலகமே கூடியிருக்கும். திரைக்கு இந்தப் பக்கம் இவன் மனைவியிடம், "களைச்சுப் போனியோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து கோபாலசிங்கம், "ஓம் அண்ணை, இண்டைக்குச் சரியான வேலை" என்பான்.

மனைவியோடு தனியாக ஒரு முழு நாள். அவன் ஆசை அவ்வளவுதான். கலியாணம் செய்து ஏழு வருடமாகியும் அது கிடைக்கவில்லை. ஆனால் அதை வாயால் எப்படிச் சொல்வது? மன்னாரில் பிறந்த மனிதன், பெண்சாதியோடு சும்மா இருப்பதற்காகக் கப்பலேறுகிறான் என்றால் சனம் சிரிக்காதா?

"நேர்த்தி," என்றான் எமிலியானுஸ். "இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ கடதாசி கிடைச்சால் தீவுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறதெண்டு நேர்ந்தனான்."

கோபாலசிங்கத்தின் கண்கள் விரிந்தன. "பெர்மெசோ போன வருசம் எனக்கும்தானே கிடைச்சது!"

"நீ சைவமெல்லோ?"

"மாதா அதெல்லாம் பாக்கிறேல்லை. மடு மாதா கோயிலுக்கு எங்கடை வீட்டிலை வருசா வருசம் போறவை."

ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, எமிலியானுஸ் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினான்.

றோஸ்மேரிக்கு இந்தத் தீவு யோசனை முதலிலேயே பிடிபடவில்லை. ரிக்கற்றைக் காட்டிய அன்றைக்கு, "அங்கை போய் என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறது."

"அதை வீட்டிலை செய்யேலாதோ?"

"வீட்டிலை எங்கை இடம்?"

அவள் பல்கனிக்குப் போய், கீழ்வீட்டு மொரீசியஸ்காரி ஓட்ரியோடு இத்தாலியனில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஓட்ரி தன் சின்யோரா கொடுத்த புது மேசைவிசிறியைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தொலைபேசியில் விசயத்தைக் கேட்டுவிட்டு றோஸ்மேரி சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ. நேர்த்தியெண்டது நல்லதுதான். கடும் நேர்த்தியெண்டு சொல்லுங்கோ. சாப்பிடாமல், வெறுங்காலோடை தீவைச் சுத்தி நடக்கவேணும் எண்டு. ஒருத்தரும் கிட்ட வராயினம்."

கெட்டிக்காரி என்று எமிலியானுஸ் பூரித்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் உஸ்திகா தெரிந்திருந்தது. எமிலியானுஸ் கோபாலசிங்கத்தின் சட்டையைப் பிடித்தான்.

"மாதாவாணை, பிள்ளையாராணை, நான் வாய் திறக்கேல்லை அண்ணை!"

அதற்குள் பாடற்குழுத் தலைவி அனிற்றா முன்னால் வந்துவிட்டாள். அவள் வந்தால் பின்னால் பாட்டுக் கொப்பியோடு ஒரு படையே வரும்.

"அண்ணை, நாங்களும் வாறம்."

எமிலியானுஸ் முகத்தை இறுக்கிக்கொண்டான். "இது விளையாட்டில்லை, அனிற்றா. சாப்பாடு தண்ணியில்லை. வெறுங்கால். தீவு முழுக்கக் கறுத்தக் கல்லு. வெய்யிலிலை அடுப்புமாதிரிக் கொதிக்கும்."

அனிற்றா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இவ்வளவு கடும் நேர்த்தியெண்டால் மாதா கட்டாயம் கேப்பா. என்ரை தம்பியின்ரை விசாவையும் இதோடை சேர்ப்பம்!"

தம்பியின் விசாவுக்கு, தங்கையின் கலியாணத்துக்கு, மாமியாரின் மூட்டுவலிக்கு என்று வேண்டுதல்கள் பெருகின. பின்னேரத்துக்குள் ஆட்களும் பெருகினார்கள்.

"அந்தத் தீவிலை தமிழ்ப் பூசை இல்லையெண்டு சொல்லிப் பாருங்கோவன்," என்றாள் றோஸ்மேரி.

சொன்னான். அப்படியென்றால் நாங்களே சுருவத்தைத் தூக்கிக்கொண்டு போவோம் என்றார்கள். கோயில் மாதா சுருவத்துக்குப் பெட்டி தயாரானது. கிரீடத்தை மினுக்கும் பொறுப்பை றோஸ்மேரி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். இவள் யாருடைய பக்கம் என்று எமிலியானுசுக்கு ஒரு கணம் யோசனை வந்தது. பாவம், பக்தி கூடிப்போச்சு என்று விட்டுவிட்டான்.

"அப்ப கப்பலிலை இடமில்லையெண்டு சொல்லுங்கோ," என்பது அவளுடைய அடுத்த யோசனை.

அதையும் சொன்னான். கோபாலசிங்கம் துறைமுகத்தில் வேலை செய்யும் தன் முதலாளியின் மருமகனைப் பிடித்து, முழுக் கூட்டத்துக்கும் இடம் எடுத்துக்கொண்டு வெற்றியோடு வந்து நின்றான்.

"உங்களாலைதான் அண்ணை எல்லாருக்கும் இந்தப் பாக்கியம்," என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கியபோது எமிலியானுசுக்கு அழுகை வந்தது. அதைப் பக்தி என்று நினைத்து அனிற்றாவும் அழுதாள்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள், இத்தாலி முழுக்க விடுமுறை. அன்று காலை துறைமுகமே கால்சாவாகிவிட்டது. கடும் நேர்த்தியில் சாப்பாடில்லைதான். ஆனால் நேர்த்தி முடிந்த பிறகு சாப்பிடுவதற்காக ஒரு கிடாரம் சோறும் இன்னொரு கிடாரம் கோழிக்கறியும் வந்திருந்தன. ஆர்மோனியம், மேளம், கொடி எல்லாம் வந்தன. பிறந்ததிலிருந்து கப்பலைக் கண்டிராத கைக்குழந்தைகளும் வந்தன. எமிலியானுஸ் கறிக் கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் அரிசி மணக்கும் இரண்டு ரிக்கற்றோடு, உடைந்துபோய் நின்றான்.

எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தபோது றோஸ்மேரி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ! மாதாவின்ரை கிரீடத்தை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்!"

கூட்டம் அதிர்ந்தது. கிரீடமில்லாமல் மாதாவை எப்படிச் சுற்றிக்கொண்டு போவது?

"நீங்கள் ஏறுங்கோ. நானும் இவரும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறம்."

ஓடினான் எமிலியானுஸ். அவள்தான் ஓடவில்லை. செருப்பு கடிக்கிறது என்றாள், மூச்சு வாங்குகிறது என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, அரிசி வாளிக்குள் எல்லாம் தேடினார்கள். தேடி முடியுமுன்னே துறைமுகப் பக்கமிருந்து கப்பல் நீளமாக ஊதியது.

"ஓ..." என்றாள் றோஸ்மேரி மெதுவாக. "சுருவப் பெட்டிக்குள்ளைதான் வைச்சனான் போலை."

எமிலியானுஸ் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். "தீவும் போச்சு. நாளும் போச்சு. இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோசனம், றோஸ்?"

அவள் சேலைத் திரையைக் கழற்றி மடித்து வைத்தாள். சாளரங்களைத் திறந்துவிட்டாள். இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"களைச்சுப் போனியோ?" என்று பழக்கத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டான் எமிலியானுஸ்.

யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டில் ஓர் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவன் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தான். றோஸ்மேரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழே முற்றத்திலிருந்து ஓட்ரி இத்தாலியனில் கத்தினாள்.

"றோஸ்மேரி, கயித்துக் கூடையை இறக்கு! பந்தயத்திலை நீதான் வெண்டாய், விசிறி உனக்குத்தான். கோயில் முழுக்க நீயே போய் நேர்த்திக் கதையைச் சொல்லி, வீட்டிலை ஒருத்தரும் மிச்சமில்லாமல் கப்பலேத்திப்போட்டாயே!"