வெட்டாத மரத்துக்கு வந்த நிதி

இந்தக் கதையைப் படிப்போருக்கு ஒரு சிரிப்பு ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது. கொள்கையளவில் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒதுக்குவது வேறு, விடுவிப்பது வேறு என்பது ஆபீஸ் வாசலில் ஒருமுறையாவது காத்துக்கிடந்த எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படும். அதற்குமுன் நீங்கள் சிரிக்கத் தகுதியானவர்தானா, இந்தக் கதை இல்லாவிட்டாலும் சிரித்திருப்பீர்களா என்பதெல்லாம் பரிசீலிக்கப்படும். தானாகச் சிரிக்கிறவர்களுக்கு இங்கே எதுவும் கிடையாது. ஆகவே முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கங்காதர நெல்லூர் பக்கத்தில் இருக்கும் கோவர்த்தனனின் மாந்தோப்புக்கு வந்து சேருங்கள்.

தோப்பு முழுக்கத் தோத்தாபுரி மாங்காய். கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தூரில் இருக்கும் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் டோக்கன் இல்லாமல் ஒரு காய்கூட உள்ளே போகாது. கோவர்த்தனன் அலையாய் அலைந்து, வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாட்ச்மேனின் மச்சானுக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஒருவழியாக டோக்கன் வாங்கிவிட்டான். நாளைக் காலையில் டிராக்டர் வரும். நாளை விட்டால் டோக்கன் செத்துப்போகும். டோக்கன் செத்தால் காயெல்லாம் மரத்திலேயே பழுத்து, விழுந்து, ஈக்குச் சொந்தமாகும். அதனால் தாட்சாயணி அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி, அதற்கும் சேர்த்தே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஊரில் கங்கம்மா ஜாத்திரை. மற்ற ஊர்களில் முடிந்து, பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இந்த ஊர் கங்கம்மாவுக்கு முறை வரும். மாங்காய்க்கு டோக்கன் வராமல் இங்கே மேளம் அடிப்பதில்லை. ஜாத்திரையில் ஆம்பளைகள் வேஷம் போடுவார்கள். மூஞ்சியில் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு துரையாகவும் தோட்டியாகவும் வருவார்கள், சேலை கட்டிக்கொண்டும் வருவார்கள். வேஷக்காரன் யாரை வேண்டுமானாலும் ஏசலாம். வேஷக்காரனையும் யார் வேண்டுமானாலும் ஏசலாம். அன்றைக்குக் கோபித்துக்கொள்கிறவன் மனுஷனே இல்லை. வந்தது யாரென்று கண்டுபிடித்துவிட்டால் அவன் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்ற வேண்டும். கண்டுபிடிக்காமல் அனுப்பிவிட்டால் வருஷம் முழுக்க ஊர் சிரிக்கும்.

போன ஜாத்திரைக்குத் தாட்சாயணியின் தம்பி வேணு கரண்ட் ஆபீஸ்காரன் வேஷத்தில் வந்து, மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். கோவர்த்தனன் அவனை சார் சார் என்று கும்பிட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, பஸ் வரைக்கும் கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தான். வேணுவுக்கு எவன் குரலும் வரும். கலெக்டர் மாதிரியும் பேசுவான், கலெக்டர் வண்டியின் ஹாரன் மாதிரியும் பேசுவான்.

"இந்த வருசம் வரட்டும், வாசல்லயே புடிக்கிறேன்" என்று கோவர்த்தனன் காலையிலேயே ஒரு குண்டான் மஞ்சத்தண்ணியைக் கரைத்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உச்சி வெயிலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார். மண்டை பிளக்கிற வெயிலில் பச்சைக் கலர் கோட்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வெயில் படாமல் இருக்க மூஞ்சி பூராவும் வெள்ளை வெளேரென்று கிரீம். பின்னால் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு ஒரு பெண், கையில் டேப்லெட்.

கோவர்த்தனனுக்கு உள்ளே குளுகுளு என்றது. அதே தொந்தி, அதே உயரம். துப்பட்டா போட்டிருப்பது யாரென்றும் விளங்கிவிட்டது. வேணுவின் கூட்டாளி தருண்.

"வணக்கம். நான் ராம்ப்ரசாத். தட்பவெப்ப நிதியத்தின் களப் பொறுப்பாளர். திருப்பதி மண்டல அலுவலகத்திலிருந்து வருகிறேன். இவர் பதிவு உதவியாளர் ஸ்ரீவல்லி."

"வா ராசா வா. பேரெல்லாம் பெருமாள் கோயில் பேரா புடிச்சிக்கினு வந்திருக்கே. தருணு, உனக்குத் துப்பட்டா நல்லா இருக்குதுடா."

ஸ்ரீவல்லி ராம்ப்ரசாத்தைப் பார்த்தாள். ராம்ப்ரசாத் கண்ணாலேயே அடக்கினார். பயனாளி எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் திருத்தக் கூடாது, திருத்தினால் நம்பிக்கை குறையும் என்று பயிற்சி வகுப்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தாட்சாயணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, நடை வேணு மாதிரி இல்லியே."

"நடையையும் மாத்திக்கினு வந்திருக்கான். சும்மா இரு. முழுசா ஆடட்டும், அப்புறம் ஊத்தலாம்."

ராம்ப்ரசாத் தொண்டையைச் செருமினார். "முதல் கேள்வி. இந்த மரங்களை வெட்டும் உத்தேசம் உண்டா?"

"எதுக்குடா வெட்டறேன்? எங்க நைனா வெச்ச மரம்."

ராம்ப்ரசாத்தின் முகம் கிரீமுக்கு அடியில் வாடியது. "அப்படியானால் வருந்துகிறோம். வெட்டாமல் இருப்பதற்குத்தான் நிதி. வெட்ட நினைக்காதவர் வெட்டாமல் இருப்பதால் பூமிக்குப் புதிதாக ஒரு நன்மையும் இல்லை. உங்களுடையது தானாக நிற்கிற மரம்."

கோவர்த்தனன் தொடையைத் தட்டினான். "தாட்சாயணி, கேட்டியா? காப்பாத்தறவனுக்கு ஒண்ணுமில்லியாம், வெட்டறேன்றவனுக்குத்தான் துட்டாம். உன் தம்பி ராத்திரி பகலா ஒக்காந்து யோசிச்சிருக்கான்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சார். நாளைக்கே வெட்டிடறேன். ரம்பம் தீட்டி ரெடியா கீது."

"உறுதியாகவா?"

"வேரோட."

"மிக்க மகிழ்ச்சி" என்றார் ராம்ப்ரசாத். ஸ்ரீவல்லி, 'மிரட்டல்: திருப்திகரம்' என்று தட்டினாள்.

"துட்டு சும்மா குடுப்பீங்களா?"

"இது உலகம் சூடாவதைத் தடுக்கும் உதவி. உதவி என்பது கடன் வடிவில் வரும்."

"யாருடா ஊரு ஒலகத்த சூடாக்கினது?"

"வளர்ந்த நாடுகள். அதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை."

"பொகைய வுட்டது அவுங்க. கடன் வாங்கறது நானா?"

"அவர்களுக்குக் கடன் தேவைப்படவில்லையே" என்றார் ராம்ப்ரசாத்.

கோவர்த்தனன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நாளும் மச்சானை வெறும் குரல்காரன் என்றுதான் நினைத்திருந்தான். மூளைக்காரன் என்று நினைக்கவில்லை.

"வட்டி உண்டா ராசா?"

"உண்டு. ஆனால் பசுமை வட்டி."

"அட கடன்கார கழுத, சொரக்கா மூஞ்சி, வட்டிக்குப் பச்சை பெயிண்ட் அடிச்ச படவா" என்று கோவர்த்தனன் ஜாத்திரை முறைப்படி ஏச ஆரம்பித்தான். நிறுத்தாமல் ஏசினான். ராம்ப்ரசாத்தின் ஏழு தலைமுறையையும் அவர்கள் வளர்த்த ஆடு மாடுகளையும் விட்டுவைக்கவில்லை. ராம்ப்ரசாத் கைகளைக் கட்டிக்கொண்டு பொறுமையாகத் தலையாட்டினார். ஸ்ரீவல்லி, 'சமூகத்தின் குரல்: மிக வலுவாகப் பதிவானது' என்று தட்டினாள்.

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. "வேணு வந்திருக்கான்டா, பின்னிக்கினு இருக்கான்" என்று எதிர்வீட்டுக் கிரண்குமார் கூவினான். பக்கத்துத் தோப்பு சென்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கிராமத்தில் இவ்வளவு ஆர்வத்தை ராம்ப்ரசாத் இதுவரை கண்டதில்லை. சென்ற ஊரில் ஒரு நாய் மட்டும்தான் கடைசிவரை இருந்து கேட்டது.

"ஏம்பா, துட்டு எப்போ கைக்கு வரும்?" என்று சென்னம்மா கேட்டாள்.

"பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது தாயே. எல்லாம் உங்களுக்காகத்தான். திருப்பதியில் பெரிய ஓட்டலில் உங்களைப் பற்றி மூன்று வேளையும் கவலைப்பட்டோம். ஏசி அதிகம். உங்கள் வெயிலை நினைத்துக்கொண்டு எல்லோரும் சால்வை போர்த்தியிருந்தோம்."

தெரு கைதட்டியது.

"அடுத்து, காய். மரம் காற்றிலிருந்து இழுக்கும் புகைக்கரிதான் மாங்காய்க்குள்ளும் இருக்கிறது. பறித்துக்கொண்டு போனால் அதற்குக் கசிவு என்று பெயர். அளவீட்டுக் குழு வந்து கணக்கெடுக்கும்வரை ஒரு காயும் மரத்தைவிட்டு இறங்கக் கூடாது."

"கொழு எப்போ வரும்?"

"மழைக்குப் பிறகு. எந்த மழை என்று நெறிமுறையில் சொல்லவில்லை."

"தானா வுழுந்தா?"

"விழாமல் பார்த்துக்கொள்வது பயனாளியின் பொறுப்பு."

தாட்சாயணிகூடச் சிரித்துவிட்டாள். கிரண்குமாருக்கு விக்கல் எடுத்தது.

"இறுதியாக ஒப்புதல். சுயவிருப்பத்தோடு, விவரம் தெரிந்து, மகிழ்ச்சியாகச் சொல்ல வேண்டும். காணொளியாகப் பதிவாகும்."

ஸ்ரீவல்லி டேப்லெட்டை நீட்டினாள். கோவர்த்தனன் தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். "கோவர்த்தனன் ஆகிய நான், முழு மனசோட சொல்றேன். கடன் வாங்கிக்கிறேன். பச்சை வட்டி கட்டறேன். மரத்த குடுக்கறேன், காய குடுக்கறேன், காய்க்குள்ள கீற வண்டயும் குடுக்கறேன். என் பேரன் பேத்தி வரைக்கும் ஒத்துக்கறோம். போதுமாடா?"

"இவ்வளவு மகிழ்ச்சியான ஒப்புதலை நாங்கள் பெற்றதே இல்லை" என்றார் ராம்ப்ரசாத். டேப்லெட் டிங் என்றது. "மேலே போய்விட்டது. இனி யாராலும் திரும்பப் பெற முடியாது, எங்களாலும்கூட."

"எனக்கும் போடு" என்று கிரண்குமார் ஓடிவந்தான். "நானும் வேரோட வெட்டறேன்." சென்னம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரிசையில் நின்றாள். அவள் வந்து சேர்வதற்குள் அவளுக்கு முன்னால் தெருவே நின்றுவிட்டது. ரேஷன் கடையில்கூட இப்படி ஒழுங்காக நின்றதில்லை. ஒவ்வொருவராக நெஞ்சை நிமிர்த்தினார்கள், ஒவ்வொருவராகக் காயைக் கொடுத்தார்கள், டேப்லெட் டிங் டிங் என்றது.

இதுதான் நேரம். கோவர்த்தனன் குண்டானைத் தூக்கினான். "ஆட்டம் போதும் மச்சான்" என்று ராம்ப்ரசாத்தின் தலையில் மஞ்சத்தண்ணியை மொத்தமாகக் கவிழ்த்தான்.

கண்ணாடி கீழே விழுந்தது. கிரீம் கரைந்து பச்சைக் கோட்டில் வழிந்தது. அடியிலிருந்து ஒரு மூஞ்சி வந்தது. கோவர்த்தனன் பார்த்தான். வேட்டி முனையால் அந்த மூஞ்சியை இன்னும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தான். எவ்வளவு துடைத்தும் அதிலிருந்து வேணு வரவில்லை. தெருவோ, வேணு மாட்டிக்கொண்டான் என்றே நினைத்து இன்னும் விழுந்து விழுந்து சிரித்தது.

ஸ்ரீவல்லி வரிசைக்கு நேராக டேப்லெட்டைப் பிடித்தபடியே, இன்னொரு கையால் துப்பட்டாவை அவிழ்த்து ராம்ப்ரசாத்திடம் நீட்டினாள். அவளும் தருண் இல்லை.

"வரவேற்புக்கு நன்றி" என்றார் ராம்ப்ரசாத், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நீர் சார்ந்த பாரம்பரியம். இதையும் பதிவு செய்துகொள்ளம்மா."

தாட்சாயணி போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்தாள். "இன்னாங்க. வேணு இன்னும் சித்தூர் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறானாம். வேஷத்தோட இருக்கிறதால கண்டக்டர் ஏத்தமாட்டேங்கறானாம்."

கோவர்த்தனன் குண்டானைக் கீழே வைத்தான். "சார்" என்றான். அந்த மத்தியானத்தில் அவன் ஏளனம் இல்லாமல் சொன்ன முதல் சார் அதுதான். "வெட்டறவனுக்குத்தான் துட்டுன்னீங்களே. பச்சை வட்டின்னீங்களே. காய எறக்கக் கூடாதுன்னீங்களே. அதெல்லாம்..."

"ஆமாம்."

"நெஜமாவே?"

ராம்ப்ரசாத் சுற்றுமுற்றும் பார்த்தார். கோட்டைப் பிழிந்தார். அப்புறம் முதல்முறையாக ஆபீஸ் குரலைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில் பேசினார். "பயிற்சியில மொதல் நாள் நானும் விழுந்து விழுந்து சிரிச்சேங்க. திரும்பிப் பார்த்தா எல்லாரும் குறிச்சிக்கினு இருந்தாங்க. சரின்னு நானும் குறிச்சிக்கினேன்."

"சார், நாளைக்கு டிராக்டர் வருது சார்."

"வரட்டுமே. வண்டி வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. காலியாப் போகணும், அவ்வளவுதான்."

கோவர்த்தனன் தோப்பைப் பார்த்தான். கொத்துக் கொத்தாகத் தொங்கிய காய்கள் அசையாமல் நின்றன. தெருப் பக்கம் திரும்பி, எல்லோரையும் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் டேப்லெட் இன்னொரு டிங் என்றது. வரிசையின் முன்னால் வந்துவிட்ட சென்னம்மா டேப்லெட்டைப் பார்த்து முழு மனசோடு தோப்பைக் கொடுத்து முடித்துவிட்டு, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கோவர்த்தனா, ஊரே சிரிக்குது, நீ மட்டும் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீறே?"