பி.எச். அங்கிளும் பதினேழு முட்டை ஓடுகளும்

பெங்களூரில் எல்லோரும் தண்ணீர் வருமா வராதா என்றுதான் கவலைப்படுவார்கள். வந்த தண்ணீரின் குணத்தைப் பற்றிக் கவலைப்படும் ஒரே மனிதர், ஆடுகோடியில் என் ஹவுஸ் ஓனராக இருந்த பி.எச். அங்கிள். அவருடைய சொந்தப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மாநில அரசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி ஏழு கோய் வண்ண மீன்கள் வளர்த்தார். காலையும் மாலையும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, பி.எச். பார்க்கும் மருந்து மூன்று சொட்டு விட்டுக் குலுக்குவார். மஞ்சள் என்றால் அமிலம், நீலம் என்றால் காரம். பச்சை வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். ஒருமுறை ரசத்துக்கும் சொட்டு விட்டுப் பார்த்ததில் ஆன்ட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

டேங்கர் லாரி வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஏனப்பா, இது யாவ போர்வெல் நீரு?" என்று விசாரணை வைப்பார். எந்த போர்வெல் என்று டிரைவருக்கே தெரியாது. குழாயில் வரும் காவேரித் தண்ணீரை ஒரு நாள் முழுக்க டிரம்மில் வைத்து, குளோரின் போன பிறகுதான் தொட்டியில் விடுவார். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக்கூட அத்தனை உபசாரம் கிடையாது.

எனக்கு மாடி போர்ஷன். திருவண்ணாமலையிலிருந்து பெட்டியோடு வந்து நின்ற அன்றே ஆன்ட்டி சொல்லிவிட்டார்: "ப்யூர் வெஜ்தான் பா. முட்டைகூட பேடா, கூடாது."

கூச்சமே இல்லாமல் தலையாட்டினேன். முட்டை இல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது. ஆகவே ஆம்லெட் போட்ட கையோடு முட்டை ஓடுகளை லேப்டாப் பையில் வைத்து, கம்பெனி கேப்பில் எலெக்ட்ரானிக் சிட்டி வரை கொண்டுபோய் ஆபீஸ் குப்பையில் போடுவேன். ஒன்றரை வருஷம் இந்தக் கடத்தல் பிசகில்லாமல் நடந்தது.

அப்புறம் ஒரு மழை பிடித்துக்கொண்டது. ரோடெல்லாம் தண்ணீர். வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஓடுகள் வெளியேற வழியில்லை. கவரில் போட்டு சிங்குக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பதினேழு சேர்ந்துவிட்டன.

ஒரு காலையில் அங்கிள் படியேறி வந்தார். கையில் குழாய். உள்ளே நல்ல மஞ்சள்.

"மழைத்தண்ணி ரொம்பி வழிஞ்சு, தொட்டியில இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் போயிடுச்சு பா. ஆப்பசோடா போட்டா ஏறுது, அடுத்த மழையில இறங்கிடுது. இப்படி ஏறி இறங்குனா மீனுக்கு ஆகாது. ரெண்டு சாஞ்சு கெடக்குது."

"என்ன போடணும் அங்கிள்?"

"சிப்பி ஓடு. ஆர்டர் போட்டிருக்கேன், வர நாலு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் தாங்காது. முட்டை ஓடுலயும் அதே சத்துதான். நம்ம வீட்ல அதுக்கு எங்க போறது?"

சொன்னால் வீடு போகும். பேச்சிலருக்கு இந்த ஊரில் இன்னொரு வீடு கிடைப்பது லேசில்லை. சொல்லாவிட்டால் மீன் போகும். குனிந்து கவரை எடுத்து நீட்டினேன்.

"இது வந்து அங்கிள், ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட்டுக்கு..."

"பொய் அப்புறம் சொல்லு. மிக்ஸி எங்க?"

ஓடுகளைக் கழுவி, வாணலியில் வறுத்து, என் மிக்ஸியில் பொடித்தோம். பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, பம்ப் தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிட்டார். கொல்லைக்கு வந்த ஆன்ட்டி, "என்னங்க மூட்டை அது?" என்றார். "சுண்ணாம்புச் சத்து" என்றார் அங்கிள், வெகு சாதுவாக.

மூன்றாம் நாள் குழாயில் பச்சை வந்தது. சாய்ந்து கிடந்த இரண்டும் மேலே வந்து தீனியைக் கவ்வின. அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீட்டைக் காலி செய்வது பற்றி மெல்லப் பேச்செடுத்தேன்.

"எதுக்கு? ஞாயித்துக்கிழமையானா மாடியில ஆம்லெட்டுன்னு எனக்குத் தெரியாதா? மூக்கு இல்லையா எனக்கு? நல்ல கால்சியம் பா, அத்தனையும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகுதேன்னுதான் வருத்தம்."

இப்போது கல்யாணமாகி நானே எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிபோய்விட்டேன். மாதம் ஒருமுறை, கழுவிக் காயவைத்த ஓடுகளோடு ஆடுகோடிக்குப் போகிறேன். அங்கே சிப்பி ஓடு மூட்டைக் கணக்கில் இருக்கிறது. நான் கொண்டுபோவது அவருக்குத் தேவையே இல்லை. அவரைப் பார்க்காமல் எனக்குத்தான் இருக்க முடியவில்லை.